சரித்திரப் பதிவேட்டில் பேனா கோஷ்டி

அத்திப்பட்டில் 'அண்டர்கிரவுண்ட்' என்று சொன்னால் ஒரே அர்த்தம்தான். ஆள் ஊரில் இல்லை. வீட்டில் கேட்டால் 'ஆந்திராவில் வேலை' என்பார்கள். ராத்திரி ஊர் அடங்கியதும் கொல்லைப்புறமாக வந்து சோறு தின்றுவிட்டு, விடிவதற்குள் கிளம்பிவிடுவான். கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் அடுத்த மாநிலம் என்பதால் எங்கள் பக்கத்துத் தலைமறைவுகளுக்கு ரயில் செலவும் கம்மி. இப்படிப்பட்ட ஊரில் போய், அமெரிக்காவில் 'அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ்' என்று ஓர் இயக்கமே இருந்தது என்றால், ஏதோ கொலைக் கேஸில் மாட்டினவர்கள் உள்ளே சும்மா இருக்க முடியாமல் படம் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

விசாரித்தால் விஷயம் சப்பென்று இருக்கிறது. 1954இல் அமெரிக்கக் காமிக்ஸ் கம்பெனிகள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே ஒரு விதிமுறை எழுதிக்கொண்டன. பேய் கூடாது, ரத்தம் கூடாது, போலீஸ்காரரை மட்டமாகக் காட்டக் கூடாது. கடுப்பான சில இளைஞர்கள் சொந்தமாக அச்சடிக்க ஆரம்பித்தார்கள். 1968இல் ராபர்ட் கிரம்ப் தன் 'ஜாப் காமிக்ஸ்' முதல் இதழை சான் பிரான்சிஸ்கோ தெருவில் குழந்தை வண்டியில் அடுக்கி விற்றார். கூடவே மாசமாக இருந்த மனைவி. இவ்வளவுதான் அவர்களுடைய அண்டர்கிரவுண்ட். பட்டப்பகலில், நடுத்தெருவில், வண்டியில் வைத்து விற்பதற்கு எங்கள் பக்கம் பிளாட்பாரக் கடை என்று பெயர். கார்ப்பரேஷன் லாரி வந்தால் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும். ஓடிவிட்டு மறுபடியும் வந்து விரிக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் இயக்கம் என்று எழுதிவைக்கவில்லை.

நிஜ அண்டர்கிரவுண்ட் நம்முடையது. பொய்ப்பெயர், பினாமி, எல்லை தாண்டல், கடத்தல் சரக்கு, சிறை, வாய்தா, கடைசியில் சினிமாக்காரனிடம் சரண்டர். ஒரு ஸ்டேஷன் ரைட்டர் பதிவேட்டில் எழுதுகிற அத்தனையும் தமிழ்ப் பத்திரிகைச் சித்திரக்காரர்கள் வாழ்க்கையில் இருக்கிறது. காணாமல் போவதைப் பற்றிப் பேச அத்திப்பட்டுக்காரனுக்கு ஒரு தனித் தகுதியும் உண்டு. 2001இல் அஜித் நடித்த 'சிட்டிசன்' வந்தது. அதில் அத்திப்பட்டி என்று ஒரு கிராமத்தையே இல்லாமல் பண்ணிவிடுவார்கள். அன்றிலிருந்து எந்த ஊர் என்று கேட்டவனிடம் பதில் சொன்னால், 'அது இன்னும் இருக்குதா?' என்பதுதான் அடுத்த கேள்வி. இருக்கிறது நைனா. அத்திப்பட்டு என்று ஒரு ஸ்டேஷன், அத்திப்பட்டு புதுநகர் என்று இன்னொரு ஸ்டேஷன், ஆக இரண்டு இடத்தில் இருக்கிறது. அனல் மின் நிலையத்துச் சாம்பல் மேலே படிந்திருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் சட்டென்று தெரியாது. அவ்வளவுதான்.

சரி, பதிவேட்டைத் திறப்போம்.

ஏ1, எட்டயபுரத்தைச் சேர்ந்த சுப்பிரமணியன் என்கிற பாரதி. மீசை, தலைப்பாகை, அடையாளம் காண்பது சுலபம். 1906இல் சென்னையில் 'இந்தியா' வாரப் பத்திரிகை தொடங்குகிறது. இடம் பிராட்வே. இன்றைக்கு அங்கே நின்றால் வளையல், வாட்ச் ஸ்ட்ராப், கல்யாணப் பத்திரிகை எல்லாம் மொத்த விலைக்குக் கிடைக்கும்; அன்றைக்குக் கிடைத்தது ராஜத்துரோகம். அந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்தில்தான் தமிழில் அரசியல் கார்ட்டூன் என்கிற சமாச்சாரம் ஒழுங்காக, வாராவாரம், குடியேறியது. பெரிய படம், கீழே அதற்கு விளக்கம். விளக்கம் இல்லாமல் விட்டால் வாசகன் சாமி படம் என்று நினைத்துச் சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டிவிடுவான் என்கிற பயமும் இருந்திருக்கலாம்.

இதில் தொழில்நுட்பம் பாருங்கள். பத்திரிகையை நடத்துவது பாரதி. சட்டப்படி பதிவான ஆசிரியர் எம்.சீனிவாசன் என்பவர். 1908இல் அரசாங்கம் கை வைத்தபோது பிடிபட்டது யார்? பதிவில் இருந்த சீனிவாசன். தண்டனை 5 வருஷம். எங்கள் பக்கத்தில் பெரிய கை ஒன்று ஒரு காரியம் பண்ணினால், கோர்ட்டில் போய் நிற்பதற்கென்று ஒரு பையனைத் தயார் செய்து வைத்திருக்கும். இந்த ஏற்பாட்டை ஏதோ நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று ராயபுரத்தில் பலர் பெருமையாக இருக்கிறார்கள். இல்லை அண்ணாத்தே. அது சுதேசி இயக்கத்திலேயே இருக்கிறது. பாவம் சீனிவாசன், எந்தப் பாடப் புத்தகத்திலும் அவருக்கு ஒரு பெட்டிச் செய்தி கூட இல்லை.

ஏ1 அதற்குள் புதுச்சேரிக்குப் போய்விட்டார். பிரெஞ்சுக்காரன் எல்லை, வெள்ளைக்காரனே ஆனாலும் வேற வெள்ளைக்காரன். அச்சு இயந்திரமும் பின்னாலேயே போனது. 'இந்தியா' அங்கிருந்து வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதற்குத் தடை விழுந்ததும் 1910இல் மூச்சு நின்றது. ஆள் சும்மா இருந்தாரா? படங்களுக்கென்றே 'சித்திராவளி' என்று ஒரு பத்திரிகை போடுவதற்குத் திட்டம் தீட்டினார். கையில் காசில்லை, வாசலில் சி.ஐ.டி., தலைக்கு மேல் வாரண்ட். இந்த நிலைமையில் ஒரு மனுஷன் கார்ட்டூன் பத்திரிகை ஆரம்பிக்க நினைத்தால் அவனுக்குப் பெயர் மகாகவி. நாம் நினைத்தால் வீட்டில் சோறு போட மாட்டார்கள். 'சித்திராவளி' வெளிவரவில்லை. பத்து வருஷத் தலைமறைவுக்குப் பிறகு 1918இல் எல்லை தாண்டி வந்தவரைக் கடலூர் பக்கத்தில் பிடித்தார்கள். குழந்தை வண்டி தள்ளினவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

அடுத்தது மாலி கோஷ்டி. இதை விரிவாக எழுதாவிட்டால் பதிவேடு செல்லாது.

1928இல் எஸ்.எஸ்.வாசன் 'ஆனந்த விகடன்' என்கிற பத்திரிகையை 200 ரூபாய்க்கு வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்கு என்பார்கள். எண்ணிப் பாருங்கள், எட்டு எழுத்து, சரியாக வருகிறது. (புள்ளி வைத்த எழுத்துக்குப் பாதி விலை என்று பேரம் பேசியிருந்தால் இன்னும் மிச்சமாகியிருக்கும். வாசன் பெரிய மனிதர், பேசவில்லை.) அந்த விகடனில் மகாலிங்கம் என்கிற மாலி வந்து உட்கார்ந்தார். கர்நாடக வித்வான்கள் கச்சேரியில் வாயைக் கோணுவது, மிருதங்கக்காரர் சிரிப்பது, தலைவர்களின் மூக்கு, எல்லாம் அவர் கோட்டில் மாட்டியது. அதே காலத்தில் புல்லாங்குழல் மகாலிங்கத்துக்கும் மாலி என்றுதான் பெயர். சினிமாவில் டி.ஆர்.மகாலிங்கம் வேறு. எங்கள் ஸ்டேஷனில் இப்படி ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் மூன்று பேரையும் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு அப்புறம்தான் விசாரிப்பார்கள்.

மாலியிடம் ஒரு பழக்கம். வேலைக்கு வருகிற பையனுக்கு முதலில் ஒரு பெயர் வைப்பார். தஞ்சாவூரிலிருந்து கோபாலன் என்று ஒருவர் வந்தார், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். அவர் கோபுலு ஆனார். சீனிவாசன் என்று ஒருவர் வந்தார், சில்பி ஆனார். கிருஷ்ணமூர்த்தி வாண்டுமாமா ஆனார். இவர் போதாதென்று பெரியவர்களுக்கு எழுதும்போது கௌசிகன் என்று இன்னொரு பெயரும் வைத்துக்கொண்டார். கேட்டால் புனைபெயர் என்பார்கள். வடசென்னையில் ஒரு பையன் புதிதாக ஒரு கோஷ்டியில் சேர்ந்தால் நடப்பதும் இதேதான். அப்பா அம்மா வைத்த பெயரைக் குப்பையில் போட்டுவிட்டு, தலைவர் அவன் மூஞ்சியைப் பார்த்து ஒரு பெயர் வைப்பார். அன்றைக்கிலிருந்து பேப்பரில் 'என்கிற' இல்லாமல் அவன் பெயர் வராது.

இதில் சில்பி மீது இருக்கிற வழக்கு பயங்கரமானது. கோயில் கோயிலாகப் போனார். மண்டபத்தில், பிராகாரத்தில் உட்கார்ந்து, ஆயிரம் வருஷத்துச் சிலைகளை நகை நட்டு மடிப்பு ஒன்று விடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வந்து 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தலைப்பில் வாராவாரம் ஊருக்கே விநியோகம் பண்ணினார். சிலை இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆனால் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு என்று ஒன்று அன்றைக்கு இருந்திருந்தால் எந்தச் செக்‌ஷனில் போடுவது என்று தெரியாமல் திணறியிருக்கும்.

கோபுலு வேறு தினுசு. அவர் எடுத்தது மனிதர்களை. ஈஸிசேரில் சாய்ந்திருக்கிற ரிட்டையர்டு அப்பா, குடுமி வைத்த சமையல்காரர், வெற்றிலைப் பெட்டியோடு வருகிற தவில்காரர், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற மாமி. பேச்சே இல்லாத ஜோக்குகளை வரைந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத என் தாத்தா விகடனை வாங்கி மேய்ந்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். வீட்டில் படித்தவர்கள் எல்லாம் 'இதுல இன்னா இருக்குது' என்று அவரிடம் கேட்க வேண்டிய நிலைமை. கொத்தமங்கலம் சுப்பு எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு போட்ட படங்களால், 1968இல் சினிமா வருவதற்கு வெகு முன்பே சிக்கல் சண்முகசுந்தரம் எப்படி முறைப்பார் என்று தமிழ்நாட்டுக்குத் தெரிந்திருந்தது. சிவாஜிக்கு மிச்சமிருந்த வேலை அதை அசைத்துக் காட்டுவது மட்டும். சிவாஜி ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, நானும் ரசிகன்தான்.

வயதான காலத்தில் பக்கவாதம் வந்து கோபுலுவின் வலது கை நின்றுபோனது. மனிதர் இடது கையில் வரைந்தார். வலது கையால் எங்கள் வார்டு ஓட்டுச் சீட்டில் குத்துவதற்கே நாங்கள் கோணல் மாணலாகக் குத்துவோம். 2015இல் காலமாகும்போது அவருக்கு வயது 90.

முத்தியாலுப்பேட்டை ஏரியாவில் ஒரு வழக்கு இருக்கிறது, அது எங்கள் சரகத்துக்கு ரொம்பப் பக்கம். ஈரோட்டுப் பக்கம் பிறந்து சின்ன வயதில் சென்னைக்கு வந்த கே.சி.சிவசங்கரன், ஜார்ஜ் டவுனில் முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பையன் கை நன்றாக இருக்கிறது என்று பார்த்த ஓவிய ஆசிரியர், பி.ஏ. படித்து குமாஸ்தாவாகப் போய்விடாதே என்று எழும்பூர் ஓவியக் கல்லூரிப் பக்கம் தள்ளிவிட்டார். அங்கே பிரின்ஸிபால் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நாலு பேர் பாறையைத் தள்ளிக்கொண்டிருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். 1952இல் சிவசங்கரன் 'அம்புலிமாமா'வில் சேர்ந்தார். பெயர் சங்கர் என்று சுருங்கியது. அங்கே ஏற்கெனவே ராகவன் என்கிற சித்ரா இருந்தார். பார்த்தீர்களா, அம்புலிமாமா இருந்த வடபழனியிலும் அலியாஸ்தான்.

ராஜா விக்கிரமன் ஒரு கையில் வாளோடு, தோளில் பிணத்தோடு, சுடுகாட்டு வழியாக நடப்பார். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லும். இந்தியா முழுக்க, பல மொழிகளில், சின்னப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்த படம் சங்கருடையது. அந்த வேதாளத்தின் விசாரணை முறையைக் கவனியுங்கள். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும். வாயைத் திறந்து சொன்னால் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். எந்தப் பக்கம் போனாலும் அடி. இந்த விசாரணை முறையை அம்புலிமாமா படித்து வளர்ந்த அதிகாரிகள் பிற்காலத்தில் மறக்கவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சங்கர் அறுபது வருஷத்துக்குப் பக்கமாக அந்த வேதாளத்தைச் சுமந்தார். 2020இல் இறந்தார். 2021இல் அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது. தலைமறைவாக இருந்தவரின் அட்ரஸைக் கண்டுபிடிக்க அரசாங்கத்துக்கு அவ்வளவு நாள் பிடித்திருக்கிறது. கண்டுபிடித்தபோது ஆள் ஜூட்.

வாய்தா வழக்கு ஒன்று. 1960இல் 'தினத்தந்தி'யில் 'கன்னித்தீவு' தொடங்கியது. மூசா என்ற மந்திரவாதி இளவரசி லைலாவைக் குட்டியாக்கிவிட்டான். சிந்துபாத் அவளைச் சரிப்படுத்தக் கிளம்பினான். ஆரம்பத்தில் வரைந்தவர் கணு. அடுத்தடுத்து ஓவியர்கள் மாறினார்கள், ஆசிரியர்கள் மாறினார்கள், எங்கள் தொகுதிக்கு எத்தனையோ எம்.எல்.ஏ. மாறினார்கள். லைலா மட்டும் அதே சைஸ். அறுபது வருஷத்துக்கு மேலாகத் தினமும் மூன்று கட்டம். நேற்று கடலில் விழுந்தவன் இன்றைக்குப் பாதித் தண்ணீரில் இருப்பான், நாளைக்கு மீன் வரும். ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் நிலத் தகராறு நடத்துகிற எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நம்மை விட மோசமாக ஒருத்தன் மாட்டியிருக்கிறான் என்பதில் ஓர் ஆறுதல்.

இப்போது கடத்தல் பிரிவு. எனக்குப் பிடித்த பிரிவும் இதுதான்.

1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' ஆரம்பித்தார். முதல் சரக்கு 'இரும்புக்கை மாயாவி'. சிவகாசிக்கும் எங்கள் பக்கத்துக்கும் ஏற்கெனவே ஒரு கணக்கு உண்டு. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது, ஸ்வீடன்காரன் வைத்தது. அந்தப் பெயரில் ரயில்வே ஸ்டேஷனே இருக்கிறது. சிவகாசிக்காரர்கள் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி செய்து மெஷின் தீப்பெட்டியின் பிழைப்பில் மண்ணைப் போட்டார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு வண்ண அச்சு வேண்டும், அச்சு இயந்திரம் வந்தபிறகு அது சும்மா நிற்கக் கூடாது. காலண்டர் அடித்தார்கள், டைரி அடித்தார்கள், அப்புறம் மாயாவியை அடித்தார்கள். திருவொற்றியூருக்கு இழைத்த அநியாயத்துக்கு ஈடாகக் காமிக்ஸ் கொடுத்தார்கள் என்று எடுத்துக்கொண்டால் மனசு ஆறும்.

மாயாவியின் கதை தெரியாதவர்களுக்கு. லூயிஸ் கிராண்டேல் என்பவனுக்கு வலது கை போய்விட்டது, இரும்பில் ஒரு கை மாட்டியிருக்கிறான். ஆய்வுக்கூடத்து விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுகிறான். இரும்புக் கை மட்டும் தெரியும். அந்தக் கை தனியாக அந்தரத்தில் மிதந்து வந்து பேங்க் லாக்கரைத் திறக்கும், எதிரியின் கழுத்தைப் பிடிக்கும். ஆரம்பத்தில் திருடன், பிறகு திருந்தி நிழல்படை என்கிற உளவு அமைப்பில் சேர்ந்தான். எங்கள் பக்கத்திலும் சிலர் அப்படித் திருந்தி இன்ஃபார்மர் ஆவது உண்டு. கை தெரியாது, அதுதான் வித்தியாசம்.

மறைய வேண்டுமானால் கரண்ட் வேண்டும். பிளக்கில் விரலை விட வேண்டும். சின்ன வயதில் எண்ணூர் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி இதைப் படித்த எங்களுக்கு, லண்டன்காரனுக்கு இல்லாத ஒரு கர்வம் இருந்தது. மாயாவி ஒருநாள் இங்கேதான் சார்ஜ் ஏற்ற வந்தாக வேண்டும். தொண்ணூறுகளில் எங்கள் ஊரிலேயே வடசென்னை அனல் மின் நிலையம் வந்தது. முதலில் 210 மெகாவாட் மூன்று, பிறகு 600 மெகாவாட் இரண்டு. ஆக 1,830 மெகாவாட். ஒரு பட்டாளத்தையே மறைய வைக்கலாம். ஆனால் 2012 வாக்கில் வெளி மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. அந்த வருஷம் மாயாவி மதுரைப் பக்கம் உளவு பார்க்கப் போயிருந்தால் பாதி மாடிப்படியில் மொத்தமாகத் தெரிந்து, பனியனோடு மாட்டியிருப்பான்.

இந்த மாயாவியை வரைந்தவர் ஹெஸூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின்காரர், பார்ஸிலோனா. ஆரம்பத்தில் எழுதியது கென் பல்மர் என்ற இங்கிலாந்துக்காரர். 1962இல் லண்டனில் 'வேலியன்ட்' என்ற வார இதழில் வந்தது. ஸ்பெயினில் வரைந்து, லண்டனில் அச்சாகி, சிவகாசியில் தமிழாகி, கும்மிடிப்பூண்டி லோக்கலில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது சரக்கு. இதை விட நீளமான கடத்தல் பாதை எங்கள் துறைமுகத்துக்கே கிடையாது. லண்டன் கம்பெனிக்கு ஒரு வழக்கம்: படம் போட்டவன் பெயரைப் போடாது. எழுபதுகளின் பின்பாதியில் '2000 ஏடி' என்ற இதழ் வந்துதான் அந்தக் கூட்டத்துப் பத்திரிகைகளில் ஓவியர் பெயர் தலைகாட்டியது. அதுவரை, உடம்பு மறைந்து கை மட்டும் தெரிகிற நாயகனை வரைந்தவரின் நிலைமையும் அதேதான். கை மட்டும் தெரிந்தது. அந்த நிழல் விழும் விதம், கம்பிச் சுருள், முகத்தில் பாதி இருட்டு எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அந்தக் கைக்குப் பின்னால் பார்ஸிலோனாவில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. மாயாவி சிவகாசிக்காரன் என்றே பல வருஷம் நம்பியவர்கள் எங்கள் தெருவில் உண்டு. கேட்டால் 'பட்டாசு கம்பெனியில கை போயிருக்கும்' என்று ஆதாரம் வேறு சொல்வார்கள். தப்பு சொல்ல முடியவில்லை.

1984இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார், முதல் இதழிலேயே மாடஸ்டி பிளைஸி. அதே வருஷம் 'தினத்தந்தி' குடும்பத்திலிருந்து 'ராணி காமிக்ஸ்', முதல் இதழில் ஜேம்ஸ் பாண்ட். வெளிநாட்டுக் கதாநாயகிகள் குறைந்த துணியில் வந்து இறங்க, நம் ஊர்க்காரர்கள் இந்தியன் இங்க் பாட்டிலோடு காத்திருந்தார்கள். நீச்சல் உடை ஒரே ராத்திரியில் முழுக்கை ஜாக்கெட் ஆனது. வெள்ளைக்காரியின் கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு மை. அமெரிக்காவில் விதிமுறைப் புத்தகம் அச்சடித்துப் பண்ணிய தணிக்கையை இங்கே ஒரு பிரஷ்ஷும் ஒரு நல்ல குடும்பத்துப் பிள்ளையும் பண்ணி முடித்தார்கள். வில்லனும் பாண்டும் கடற்கரையில் உருளும்போது பக்கத்தில் ஒரு பெண் பெரிய திருவிழாவுக்குக் கிளம்பினவளைப் போல நின்றிருப்பாள். வசனக் கூண்டு இன்னொரு வேடிக்கை. இங்கிலீஷில் ஒரு சின்ன 'நோ' இருந்த இடத்தில் 'முடியாது! ஒருக்காலும் முடியாது, பாதகா!' என்று வர வேண்டும். எழுத்து நசுங்கி, பிதுங்கி, வில்லனின் காது வரை போய்விடும்.

வீட்டில் இதற்கு அனுமதி இல்லை. 'படிக்கிற புள்ள கெட்டுப்போவும்' என்பது அம்மாக்களின் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது, மாட்டினால் அடுப்பு. ஆகவே சரக்கு பூகோளப் புத்தகத்துக்குள் போனது. பூகோளப் புத்தகம்தான் அகலம். பரிமாற்றம் ரயிலில். ஒரு லயனுக்கு இரண்டு பழைய ராணி. அட்டை இல்லாத முத்துவுக்கு ஒரு பம்பரம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மொத்தச் சந்தை மூர் மார்க்கெட். பழைய புத்தகக் கடைக்காரர்கள் ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. எத்தனை மாயாவி அதில் போனானோ, இந்தத் தடவை கை கூட மிஞ்சவில்லை. எரிந்த இடத்தில் ரயில்வே கட்டிடம் எழும்பியது. எங்கள் கும்மிடிப்பூண்டி வண்டி இன்றைக்கும் அங்கேதான் போய் நிற்கிறது. அந்த இடத்துக்கு ரயில்வே வைத்திருக்கிற பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். அங்கே இறங்கி இரும்புக்கை மாயாவி இருக்கிறதா என்று கேட்டால் பிளாட்பாரம் டிக்கெட் கேட்பார்கள்.

பத்திரிகை ஆபீஸ்காரர்கள் இந்தக் காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1970 பொங்கலுக்கு சோ 'துக்ளக்' தொடங்கியபோது முதல் அட்டையில் இரண்டு கழுதைகள் பேசிக்கொண்டன, யாரும் கைதாகவில்லை. கழுதைகள் சங்கம் வைக்காததுதான் காரணம். 1987 மார்ச் 29 விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருக்கிற இரண்டு பேரில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று கேள்வி. ஜேப்படிக்காரரைப் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரரைப் போல இருப்பவர் மந்திரி என்று பதில். உண்மையில் புண்பட வேண்டியவர்கள் ஜேப்படிக்காரர்கள். அவர்களுக்குச் சட்டசபையில் பிரதிநிதித்துவம் இல்லை என்பதால், அல்லது இல்லை என்று நாம் நம்புவதால், சட்டசபை புண்பட்டது. சபாநாயகர் பி.எச்.பாண்டியன், ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை என்றார். ஏப்ரல் 4 அன்று சென்னை மத்திய சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

அன்றைக்கு மத்திய சிறை சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பார்க் டவுனில். எங்கள் ஏரியாக்காரர்களுக்குப் பழக்கப்பட்ட இடம். உள்ளே இருந்தவர்கள் நிச்சயம் கேட்டிருப்பார்கள், 'அண்ணே, நீங்க இன்னா கேஸு?' 'ஜோக்.' 'ஜோக்கா? எவ்ளோ ஜோக்?' 'ஒண்ணு.' ஊரே கொந்தளித்தது. இரண்டொரு நாளில் வெளியே விட்டுவிட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். 1994இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி 1,000 ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. அவருடைய அப்பா பத்திரிகையையே 200 ரூபாய்க்கு வாங்கியவர். அந்தக் கணக்கில் இது ஐந்து பத்திரிகையின் விலை. தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் ஒற்றை ஜோக்குக்கு இவ்வளவு வசூலானதாக வேறு தகவல் இல்லை.

சினிமாவிடம் சரண்டர் ஆனவர்களில் விகடன் கார்ட்டூனிஸ்ட் சிம்புதேவன் முக்கியம். 2006இல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' எடுத்தார். கறுப்பு வெள்ளைக் கோட்டில் இருந்த கோமாளி ராஜாவுக்கு வடிவேலு மீசை ஒட்டிக்கொண்டு வந்தார். 2010இல் 'இரும்புக் கோட்டை முரட்டு சிங்கம்'. சிவகாசிக் கௌபாய்க் காமிக்ஸைப் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவர்களுக்கு மட்டும் முழுதாகப் புரிகிற படம். மற்றவர்கள் ஏன் தியேட்டரில் இப்படிக் கத்துகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

2017இல் நடந்ததில் மட்டும் எனக்கு நக்கல் வரவில்லை. திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் கந்துவட்டிக் கொடுமைக்காக ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதைப் பற்றி கார்ட்டூன் போட்ட பாலாவை நவம்பரில் கைது செய்தார்கள். மறுநாள் ஜாமீன். வட்டிக்காரர்களைத் தேடுவதை விடப் படம் போட்டவர் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்திருக்கிறது. பெயரும் முகமும் ஊருக்குத் தெரிந்தவர்.

விகடன் பழைய கேடி, திருந்தவே இல்லை. 2025 பிப்ரவரியில் 'விகடன் பிளஸ்' இணைய இதழில், பிரதமர் மோடி அமெரிக்க அதிபர் டிரம்ப் பக்கத்தில் விலங்கு மாட்டி உட்கார்ந்திருக்கிறாற்போல ஒரு கார்ட்டூன். விலங்கு போட்டு இந்தியர்களை அமெரிக்கா விமானத்தில் திருப்பி அனுப்பிய நேரம். ஒரு படத்துக்காக விகடன் இணையதளமே முடங்கியது. மார்ச்சில் உயர் நீதிமன்றம், அந்தப் படத்தை மட்டும் தற்காலிகமாக எடுத்துவிட்டு, தளத்தைத் திறந்துவிடுங்கள் என்றது. அதற்குள் 'விகடன் பிளஸ்' என்று ஒன்று இருப்பதே தெரியாத எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாம் படம் வந்துவிட்டது. கோயில் திருவிழா குரூப்பில் கூட, அன்னதானம் நோட்டீஸுக்கும் ரத்ததானம் நோட்டீஸுக்கும் நடுவில்.

புதுநகர் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் மாஸ்டர் போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிசாக்கிப் பார்த்தார்.

'யாரு நைனா போட்டது இத்த? பேரு இன்னா?'

பெஞ்சில் இருந்த ஒருத்தருக்கும் தெரியவில்லை.

'தெரியலையா? அப்ப ஆளு சேஃபு' என்று போனைக் கொடுத்துவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போனார்.